கயிறு பிடிப்பவளிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்

என் நாயின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ரகசியம் ஒன்றும் இல்லை. நான் தட்டும் ஒவ்வொரு வார்த்தையையும் என் கணினி சத்தமாக வாசித்துக் காட்டும். பெயர் காதில் விழுந்தால் போதும், கட்டிலுக்கடியில் படுத்திருப்பவள் எழுந்து வந்து என் மடியில் மூக்கை வைத்துவிடுவாள். அப்புறம் எழுதுவதாவது, கிழிப்பதாவது. ஆகையால் இதில் முழுக்க அவள் 'அவள்'தான். மற்றவர்களுக்கும் பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் உறவு சொல்லிக் கூப்பிட்டாலே யாரென்று தெரிந்துவிடும்.

எனக்குப் பிறவியிலேயே கண் போய்விடவில்லை. படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் போகத் தொடங்கியது. முதலில் இருட்டினால் தெரியவில்லை, பிறகு பக்கவாட்டில் தெரியவில்லை, கடைசியில் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல ஒரு வட்டம் மிஞ்சி, அதுவும் போயிற்று. அழவேண்டியதையெல்லாம் அப்போதே அழுது தீர்த்துவிட்டேன், இங்கே அதை மறுபடி இழுக்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் எனக்கு வேலை. எந்தக் கண்டெய்னர் எங்கே நிற்கிறது, எந்தக் கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிறது என்று போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வேன். நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கு இடம் சொல்லுகிறவள், வீட்டிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தனியாகப் போக முடியாமல் இருந்தேன்.

முடியாமல் என்று சொல்வதுகூடத் தப்பு. விடமாட்டார்கள். அண்ணனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். வீட்டில் நானும் மைனியும், அதாவது அண்ணன் மனைவியும். காலையில் வாசலில் மைனி என் கையைப் பிடித்தால் தெருமுனை வரைக்கும் விடமாட்டாள். முனையில், வீட்டு முன்னால் பலகை போட்டு மீன் விற்கும் அத்தையிடம் என்னை ஒப்படைப்பாள். அத்தை எனக்குச் சொந்தமில்லை, தெருவுக்கே அத்தை. முட்டுவலிக்காரி, ஒரு கால் செருப்பு தரையில் இழுபடும் சத்தத்தை வைத்தே அவள் வருவது எனக்குத் தெரியும். என்னை மெயின் ரோட்டைக் கடத்திவிடுவது அவள் பொறுப்பு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஓயாத ரோடு அது. அத்தைக்கே அதைக் கண்டால் நடுக்கம். மீன் வாடை அடிக்கும் கையால் என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று பாதி ரோடு போய், பின்வாங்கி, மறுபடி ஓடி, எப்படியோ அந்தப் பக்கம் கொண்டுபோய் ஆட்டோக்காரரிடம் விடுவாள். விடும்போது தினமும் ஒரே வசனம்: "பாத்து ஏத்துங்கய்யா, கண்ணு தெரியாத பிள்ள."

அந்தப் பிள்ளைக்கு அப்போதே காதோரம் நரைத்திருந்தது. கை மாறிக் கை மாறிப் போகும் பார்சல் மாதிரிதான் இருந்தேன், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காததுதான் பாக்கி. பார்சலோடு யாரும் பேசமாட்டார்கள் இல்லையா, அதைப் பிடித்திருப்பவரோடுதான் பேசுவார்கள். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்து எங்கள் தெருவில் பரோட்டாக் கடை போட்டிருக்கும் அண்ணாச்சி மைனியிடம் கேட்பார், "பிள்ளைக்கு டீல சீனி போடவாம்மா?" என்று.

"பிள்ளைக்கு நாக்கு இருக்கு அண்ணாச்சி. பிள்ளையவே கேளுங்க" என்பேன்.

"கோவத்தப் பாரேன்" என்று சிரிப்பார். அதையும் மைனியிடம்தான் சொல்லுவார்.

கம்பு வைத்து நடக்கப் படித்திருந்தேன். கம்போடு தெருவில் இறங்கினால் ஏதோ தீப்பிடித்ததுபோல நாலு பேர் நாலு பக்கமிருந்து ஓடிவந்து என்னைப் பிடித்து இழுப்பார்கள். கம்பை மடக்கிப் பைக்குள் போட்டதுதான், பிறகு எடுக்கவில்லை. ஆபீஸ், வீடு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், அவ்வளவுதான் என் உலகம். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு. சோற்றில் உப்பு கொஞ்சம் கூடினாலும் மைனியோடு சண்டை. காலையில் எழுந்திருக்கவே பிடிக்காது, எழுந்தாலும் யாராவது கையைப் பிடித்தால்தானே நகர முடியும் என்ற நினைப்பு.

வழிகாட்டி நாய் என்று ஒன்று உண்டு, அதற்கென்று ஒரு பயிற்சி மையம் வெளிமாநிலத்தில் இருக்கிறது என்று ஆபீஸில் யாரோ சொல்ல, எழுதிப் போட்டுக் காத்திருந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பயிற்சி தந்த பெண் கோயம்புத்தூர்க்காரர். நாயைக் கொண்டுவரும் முன்னால் என்னைச் சும்மா நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"உங்க நடைக்கு ஏத்த நாயாப் பாத்துத்தான் பொருத்தோணுங்க. நீங்க நல்ல வேகமா நடக்கறவங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வேகமாக நடக்கிறவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடியவள் நான். மைனியின் கையில் தொங்கிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து, அதுதான் என் நடை என்றே நம்பியிருந்தேன்.

அவளை ஊருக்குக் கூட்டிவந்த மறுநாள் காலை. அவள் தோளைச் சுற்றிப் பட்டை, அதிலிருந்து என் இடது கைக்கு எழும்பும் விறைப்பான ஒரு பிடி. மைனி வாசலில் நின்று, "நான் முனை வரைக்கும் வாரேனே" என்றாள். "வேண்டாம்" என்றேன். நாய்க்கு மையத்தில் பழக்கியிருந்த பாஷை இங்கிலீஷ். "ஃபார்வர்ட்" என்றதும் பிடி முன்னால் இழுபட்டது. அடேயப்பா, அந்த இழுப்பு! வண்டி நின்றால் சுற்றிக்கொண்டு போனாள், பள்ளம் வந்தால் நின்றாள், நான் காலால் தடவிப் பார்த்துச் சரி என்றதும் மறுபடி புறப்பட்டாள். கடல்காற்று எதிரே வந்து முகத்தில் அடித்தது. காற்று அடித்தது என்பதைவிட நான் போய்க் காற்றை அடித்தேன் என்பதுதான் சரி. அத்தனை வருஷத்தில் என் முடி பின்னால் பறந்தது அன்றைக்குத்தான். தெரு நடுவில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனதாக மைனி பிறகு எல்லாரிடமும் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் போனேன், அதை அவள் பின்னாலிருந்து பார்த்திருக்க முடியாது.

முனையில் அத்தை காத்திருந்தாள். குனிந்து பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏளா, இது மச்சான் கயிறுல்லா" என்றாள்.

அதைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா சங்கு குளிக்கப் போனவர். அந்தக் காலத்தில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும், பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவர். தன் அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பியும் கையை விடமாட்டான் என்று அதில் ஒரு கணக்கு. கீழே இருப்பவர் ஒரு சுண்டு சுண்டினால் மச்சான் மேலே இழுப்பார். ஆள் மேலே வரும்வரை வள்ளத்தில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது, கயிறு பிடித்தவர் கவனம் சிதறிவிடும் என்று அப்பா சொல்வார். எங்கள் அப்பாவுக்குக் கயிறு பிடித்த மாமாவின் மகள்தான் என் மைனி. எங்கள் தெருவில் பாதி வீட்டில் கயிறு பிடித்தவர்களோ கயிற்றில் இறங்கியவர்களோ இருந்திருக்கிறார்கள். அத்தை சொன்னதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றையிலிருந்து தெரு மாறிப்போனது. இத்தனை நாளும் என்னைக் கண்டால் "பாவம்" என்று ஒதுங்கி வழிவிட்டவர்கள், இப்போது வாசலுக்கு ஓடிவந்தார்கள். வந்தது அவளைப் பார்க்கத்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் நாயிடம் எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? அவளுக்கு என்ன வயசு, ராத்திரி எங்கே படுப்பாள், குளிப்பாட்டுவது யார் என்று என்னிடம்தான் கேட்டாக வேண்டும். என்னிடம், நேராக என்னிடம். பரோட்டாக் கடை அண்ணாச்சி அவளோடு பேசுவதற்காகவே இங்கிலீஷ் பழகினார். "குட் மார்னிங், சிட் டவுன் பிளீஸ்" என்பார் அவளிடம், "உங்களுக்குச் சீனி போடவாம்மா?" என்பார் என்னிடம். அதைக் கேட்ட அன்று ஆபீஸில் நாள் முழுக்க நான் பாடிக்கொண்டே போன் எடுத்தேன். மைனியோடு சண்டை போடவும் மறந்துவிட்டது. "வீடு என்னமோ ஒரு மாதிரி இருக்கு, நீங்க உடம்புக்கு முடியாம இருக்கீங்களோ?" என்று அவளே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வினை சாப்பாட்டு ரூபத்தில் வந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் மேல் பிரியம் வந்துவிட்டால் அவர் வாயில் எதையாவது திணிக்காமல் விடமாட்டார்கள். வழிகாட்டி நாய்க்கு வேலை நேரத்தில் யாரும் தின்னக் கொடுக்கக் கூடாது, தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. முதல் நாளே எல்லாரிடமும் சொன்னேன். "சரி சரி, நாங்க ஏன் குடுக்கோம்" என்றார்கள். சொல்லிவிட்டு, எனக்குத்தான் கண் தெரியாதே என்று சத்தமில்லாமல் கொடுத்தார்கள். அவளுக்குத்தான் சத்தமில்லாமல் தின்னத் தெரியாது. நான் அத்தையோடு பேசிக்கொண்டிருப்பேன், கீழே சளக் சளக் என்று கேட்கும்.

"அத்தே, என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலியே."

"பெறவு அவ என்னத்த மெல்லுதா?"

"சும்மா வாய அசைக்கா. நல்ல பிள்ள."

அவித்த சூடை மீன், முள்ளெடுத்து. அண்ணாச்சி கடையில் பொரித்த பரோட்டாத் துண்டு. பேக்கரிக்காரர் மக்ரூன் உடைசலை ஒரு தாளில் மடித்து வைத்திருப்பார். அவள் என்ன செய்வாள்? நாய்தானே. கொஞ்ச நாளில் வாசலுக்கு வாசல் நிற்க ஆரம்பித்தாள். ஆபீஸ் போக வேண்டிய நான் பேக்கரிப் படியில் நிற்பேன். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், எல்லாரும் என்னோடு பேசுகிறார்களே என்ற சந்தோஷம்.

ஒருநாள் மாலை ஆபீஸிலிருந்து திரும்பி, மெயின் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தோம். கடந்து முடிப்பதற்கு முன்பே அத்தையின் மீன் பலகை அவள் மூக்குக்கு எட்டிவிட்டது. நேராகப் போகவேண்டியவள் சட்டென்று பக்கவாட்டில் இழுத்தாள். மோட்டார் சைக்கிள் ஒன்று கிரீச்சென்று நின்றது. நான் குப்புற விழுந்தேன். முழங்கால் கிழிந்ததைப் பற்றி ஒன்றுமில்லை. விழுந்த என் கையிலிருந்து பிடி நழுவி, அவளைக் காணாமல் ரோட்டைத் தடவித் தடவித் தேடினேன் பாருங்கள், அந்தச் சில நொடியில் எனக்கு உயிரே போய்விட்டது. அவள் என் முதுகுப் பக்கம் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன்.

"இந்தப் பழக்கம் முத்திப்போச்சுன்னா நாங்க கூட்டிட்டுப் போய்த்தான் ஆகோணுங்க. உங்க உயிர் விஷயம். திரும்பப் பழக்கினதுக்கப்புறம் உங்ககிட்டயே வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதுங்க. மாசக் கடைசில வந்து நடையைப் பாக்கறேன். அதுவரைக்கும் தெருவுல ஒருத்தரும் ஒரு பருக்கை குடுக்கக் கூடாது."

போனை வைத்துவிட்டு, முழங்காலில் கட்டோடு தெருவில் இறங்கினேன். எனக்குக் கோபம் வந்தால் எங்கள் தெருவுக்கே தெரியும், அன்றைக்கு அடுத்த தெருவுக்கும் தெரிந்தது. அத்தை வீட்டுக்கும் அண்ணாச்சி கடைக்கும் நடுவில் நின்று கத்தினேன். "நீங்கள்லாம் மனுசங்களா? மீனப் போட்டுப் போட்டு என் கண்ணைப் பிடுங்கப் பாக்கீங்க. அவளக் கொண்டு போயிட்டாங்கன்னா நான் மறுபடி உங்க கையில தொங்கணும். இனிமே ஒருத்தரும் அவளக் கூப்பிடக் கூடாது, அவகிட்ட வாயே திறக்கக் கூடாது. என் வீட்டுப் படி ஏறி வந்து கொஞ்சுறதும் வேண்டாம்."

அத்தையின் செருப்பு இழுபட்டு உள்ளே போகும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை தெருவில் இறங்கியதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தமே இல்லை. பரோட்டா கொத்தும் சத்தம் இல்லை, ரேடியோ இல்லை, குழாயடியில் பேச்சு இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள், மூச்சு தெரிகிறது, புடவை உரசுகிறது. நான் கிட்டே வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். கடந்து போன பிறகு பின்னால் மறுபடி தொடங்கும். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். டீ ஆற்றும் சத்தம்கூட நின்றுபோனது, பதில் இல்லை. மீன் வாடை அடிக்கும் இடத்தில் "அத்தே" என்றேன். அதற்கும் பதில் இல்லை.

மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். சரி, கோபித்துக்கொண்டார்கள். நான் பேசின பேச்சுக்கு இது வேண்டியதுதான் என்று ஒரு மனம் சொன்னது, போங்களேன் என்று இன்னொரு மனம் முறுக்கிக்கொண்டது. மைனியிடம் கேட்டேன். "நீங்கதான பேசக் கூடாதுன்னீங்க. பேசாம நடங்க" என்றாள். அவளும் அவர்கள் பக்கம்தான் என்று அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட ஜெபத்துக்கு மட்டும் வாயைத் திறந்தார்கள். வெளியே போனால் அவளோடுதான் போவேன், அவள் இருந்தால் பட்டை இருக்கும், பட்டை இருந்தால் ஊமைத் தெரு.

அவள் என்னவோ தங்கமாக நடந்தாள். யாரும் கொடுக்காததால் வாசல்களை மறந்துவிட்டு நேராகப் போனாள். ஆனால் எனக்குத்தான் தெரு தொலைந்துபோனது. சத்தம்தான் எனக்குத் தெரு. பரோட்டாக் கல் எங்கே, குழாயடி எங்கே, யார் வீட்டில் இன்றைக்குச் சண்டை என்று காதால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அணைத்துவிட்டார்கள். அப்பா சொல்லியிருக்கிறார், அடியில் போனால் உன் நெஞ்சு அடிக்கிறதுதான் உனக்குக் கேட்கும், வேறு ஒன்றும் கேட்காது என்று. அது எனக்கு அந்த மாதம்தான் புரிந்தது. காலையில் எழுந்திருக்கப் பிடிக்காத பழைய நோய் திரும்பி வந்தது. சோற்றில் உப்பு கூடியது.

மாசக் கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் வந்து சேர்ந்தார். "நான் பின்னாலயே வர்றேனுங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு நடங்க" என்றார். பட்டையை மாட்டினேன். அவள் என் விரலை ஒருதரம் நக்கினாள். வாசலில் இறங்கினேன். வழக்கம்போல் தெரு மூச்சை அடக்கியது. குழாயடி, பேக்கரி, பரோட்டாக் கடை, எங்கேயும் அவள் தயங்கவில்லை. மீன் வாடை வந்தது. பிடி லேசாக அந்தப் பக்கம் சாய்ந்தது. "நோ" என்றேன் மெதுவாக. பிடி நேரானது. முனை வரை போய் நின்றோம். என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது.

"நாய் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் பின்னாலிருந்து. எனக்கு மூச்சு வந்தது. "நீங்கதான் நல்லா இல்ல."

"நானா?"

"உங்க நடை எங்க போச்சு? பாதி வேகம்தான் வர்றீங்க. அது உங்களுக்காகத் தன்னைச் சுருக்கிக்கிட்டு நடக்குது. இப்படியே விட்டா அதுவும் மந்தமாயிரும், வேலையே மறந்துரும். அதுபோக இன்னொண்ணுங்க. ஏன் இந்தத் தெரு இவ்வளவு அமைதியா இருக்குது? துக்க வீடு ஏதாவதா? ஒரு சத்தமும் இல்லாத தெருவுல நடக்கறத வச்சு நான் எதையும் முடிவு பண்ண முடியாதுங்க."

"என்மேல கோவம். யாரும் என்கூடப் பேசுறதில்ல" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது, அத்தனை பேர் முன்னால்.

செருப்பு இழுபடும் சத்தம் வந்தது. அத்தை என்னைத் தாண்டிக்கொண்டு அவரிடம் போய்க் குசுகுசுத்தாள். என் காதுக்குத் தப்புமா?

"கோவம்லாம் இல்லம்மா. சத்தம் போடாதீங்க. கீழ ஆள் இருக்குல்லா."

"கீழயா? எங்கங்க?"

"இந்தப் பிள்ளதான். கயிறு பிடிச்சிருக்கவகிட்டப் பேச்சுக் குடுத்தா இவ கதி என்ன ஆகும்? இவ மைனி வந்து வீடு வீடாச் சொல்லிட்டா. மச்சான் கையில கயிறு இருக்கும்போது வள்ளத்துல யாராவது வாயத் திறப்பாங்களான்னு கேட்டா. எங்களுக்குத் தெரியாதா? அதான் ஒரு மாசமா ஒருத்தரும் மூச்சுவிடல. நான் வாயில துணியத் திணிச்சுக்கிட்டுல்லா இருந்தேன்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். கோபமில்லையாம். என்னைக் கடலுக்குள் இறக்கிவிட்டு, ஒரு தெரு முழுக்க வள்ளத்தில் நின்று காவல் காத்திருக்கிறது, வாயைப் பொத்திக்கொண்டு. பேசாமல் ஒரு நிமிஷம் இருக்கத் தெரியாத ஜனங்கள். சாத்தான்குளத்து அண்ணாச்சி கடலில் கால் நனைத்ததுகூடக் கிடையாது, அவரும் சட்டுவத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, கூடவே மைனி மேல் ஆத்திரமும் வந்தது. "ஏன் மைனி எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன்.

தெருவின் மறு கோடியிலிருந்து மைனியின் குரல் வந்தது. "கீழ இருக்க ஆளுகிட்ட யாராவது சொல்லுவாங்களா?"

கோயம்புத்தூர்க்காரர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து, குரலை உயர்த்தி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "நாய்கிட்டத்தான் பேசக் கூடாதுங்க. இவங்ககிட்ட நல்லாப் பேசலாம். அடுப்பு, ரேடியோ, சண்டை, எல்லாம் எப்பவும் போல நடக்கட்டும். இன்னொருக்கா நடந்து பாக்கறோம். இந்தத் தடவை எவ்வளவு சத்தம் முடியுமோ அவ்வளவு போடுங்க. அப்பத்தான் எனக்கு முடிவு சொல்ல முடியும்."

எங்கள் தெருவைப் பார்த்து இப்படி ஒரு உத்தரவு போட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். நாங்கள் வீட்டு வாசலுக்குப் போய் மறுபடி புறப்பட்டோம். என்னென்று சொல்ல! பரோட்டாக் கல்லில் இரண்டு சட்டுவமும் ஒன்றாக இறங்கின. பேக்கரியில் பாட்டு. குழாயடியில் குடங்கள் முட்டின. ஒரு மாதத்துப் பேச்சு மொத்தமும் மடை திறந்ததுபோல என்மேல் வந்து விழுந்தது. யாரோ மகளுக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னார்கள், யாரோ வீட்டு மோட்டார் எரிந்ததைச் சொன்னார்கள். "நீங்க கூப்பிட்ட அன்னைக்கு நான் கடையிலதாம்மா இருந்தேன், மனசு கேக்கல" என்றார் அண்ணாச்சி. எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனேன். அத்தை வேண்டுமென்றே ஒரு கையில் அவித்த மீனோடு எங்களுக்கு இணையாக வந்ததாக மைனி பிறகு சொன்னாள். அவள் மூக்கை அந்தப் பக்கம் திருப்பவில்லை. பிடி நேராக, விறைப்பாக, வேகம் கூடிக்கொண்டே போனது. எப்போது நான் பழைய நடைக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. அத்தைக்கு மூச்சு வாங்கியது.

முனையில் நின்றதும் அத்தை, "எடுபட்ட மூதி, என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். அழுதாளா சிரித்தாளா என்று முகத்தைப் பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ரோட்டைக் கடப்பதுதான் மிச்சம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்போது பழைய பழக்கத்தில் அத்தையின் கை என் மணிக்கட்டுக்கு வந்தது. பட்டென்று எடுத்துக்கொண்டாள். பிறகு வேறு மாதிரி வந்து, என் வலது முழங்கைக்கு மேலே மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, நான் முட்டு டாக்டர்கிட்டப் போகணும். ஆட்டோ அந்தப் பக்கம்தான் நிக்கி. நீ இவளோட போக ஆரம்பிச்சதுலருந்து தனியா இந்த ரோட்டைத் தாண்டப் பயந்து போகாமலே கிடக்கேன். என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

கோயம்புத்தூர்க்காரர் எங்களுக்குப் பின்னால் நெருங்கி வந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இரைச்சல் ஓய்ந்ததுபோல் இருந்தது, "ஃபார்வர்ட்" என்றேன். அவள் நகரவில்லை. எங்கிருந்தோ சத்தமில்லாமல் ஒரு வண்டி உரசிக்கொண்டு போனது. அத்தை "மாதாவே" என்றாள், ஓடவில்லை. மறுபடி சொன்னேன். இப்போது பிடி இழுபட்டது. முன்னால் அவள், அவள் பின்னால் நான், என் கையில் அத்தை. அத்தையின் செருப்புக்காக நான் நடையைக் குறைத்தேன், எனக்காக அவள் குறைத்தாள். பாதி ரோட்டில் பின்வாங்காமல், ஓடாமல், மூன்று பேரும் அந்தப் பக்கம் ஏறினோம்.

"எனக்கு இதுக்கு மேல பாக்க ஒண்ணும் இல்லீங்க. இவ இங்கயே இருக்கட்டும்" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் கையில் ஒரு பொறுப்பு இருந்ததே. ஆட்டோ இன்ஜின் சத்தத்தை நோக்கிப் போய் நின்றேன். பழைய ஆட்டோக்காரர்தான். அத்தையின் கையை எடுத்து அவர் கையில் வைத்தேன். வசனம் தானாக வந்தது.

"பாத்து ஏத்துங்கண்ணே, முட்டுவலிக்காரப் பிள்ள."

"எனக்கு நாக்கு இருக்குளா" என்றாள் அத்தை வெடுக்கென்று. "நானே சொல்லிக்கிட மாட்டேனா?"

ஆட்டோ கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகும், உள்ளிருந்து அவள் என்னைத் திட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது.